மண்டை ஓடு மாட்டிய குட்டியின் அம்மா யார்? போக்கிமான் ரசிகர்கள் விடாமல் தேடும் விடை!

பிக்காச்சுவைத் தெரியாதவர்கள் குறைவு. மஞ்சள் உடம்பு, சிவப்புக் கன்னம், மின்னல் போல வால் என்று ஸ்கூல் பேக், வாட்டர் பாட்டில், பர்த்டே கேக் எல்லாவற்றிலும் பார்த்திருப்போம். அதே போக்கிமான் உலகத்தில், 104-ம் எண்ணில் இன்னொரு குட்டி ஜீவன் இருக்கிறது. பெயர் க்யூபோன். கையில் ஓர் எலும்பு, தலையில் ஒரு மண்டை ஓடு. அந்த மண்டை ஓடு யாருடையது என்பதையும் கேமே சொல்லிவிடுகிறது. இறந்துபோன அதன் அம்மாவுடையது!

குழந்தைகள் விளையாடும் கேமில் இவ்வளவு சோகமா என்று கேட்கலாம். ரசிகர்கள் கேட்டதோ வேறு கேள்வி: ‘அந்த அம்மா யார்?’

இந்த ஒரு கேள்விக்கு விடை தேடிப் பல வருடங்களாக விவாதம் நடக்கிறது. அன்று பள்ளிக்கூடப் பையன்களாக விளையாடியவர்கள் இன்று பிள்ளை குட்டிக்காரர்களாகிவிட்டார்கள். வாதம் மட்டும் முடியவில்லை. க்யூபோன் மட்டுமல்ல, டிட்டோ, பட்டர்ஃப்ரீ, கெங்கார் என்று பல ஜீவன்களின் பூர்வீகத்தைப் பற்றியும் ரசிகர்கள் ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். இவற்றுக்குப் பெயர்தான் ‘ஃபேன் தியரி’.

எல்லாம் எங்கே ஆரம்பித்தது?

1996 பிப்ரவரி 27. ஜப்பானில் நின்டெண்டோவின் கையடக்க ‘கேம் பாய்’ கருவிக்காக ‘ரெட்’, ‘கிரீன்’ என இரண்டு கேம்கள் வெளியாயின. உருவாக்கியது கேம் ஃப்ரீக் என்ற சின்ன நிறுவனம். அதன் தலைவர் சடோஷி தஜிரி, சிறு வயதில் பூச்சி பிடித்துச் சேகரிப்பதில் பைத்தியமாக இருந்தவர். நகரம் வளர வளர வயல்வெளியும் குளமும் காணாமல்போக, இன்றைய குழந்தைகளுக்கு அந்தச் சந்தோஷம் கிடைக்கவில்லையே என்ற ஏக்கத்தில் பிறந்ததுதான் போக்கிமான். பிடி, சேகரி, நண்பனோடு மாற்றிக்கொள். அவ்வளவுதான் கேம்.

இப்போது ஒரு கணக்கு. ஜப்பானில் வெளியான அந்த முதல் கேம் மொத்தமும் அடங்கியிருந்த இடம் 512 கிலோபைட். இன்று நம் மொபைலில் எடுக்கும் ஒரு போட்டோவே அதைவிடப் பல மடங்கு பெரிது! அதற்குள் 151 ஜீவன்கள், ஊர்கள், காடுகள், குகைகள், இசை எல்லாவற்றையும் அடக்க வேண்டும். ஆகவே, ஒவ்வொரு ஜீவனைப் பற்றியும் இரண்டு மூன்று வரிக் குறிப்புதான் எழுத முடிந்தது. ‘போக்கிடெக்ஸ்’ என்ற அந்தக் குறிப்பேட்டில் சொன்னது கொஞ்சம், சொல்லாமல் விட்டது ஏராளம். அந்த இடைவெளியில்தான் ரசிகர்கள் குடியேறினார்கள்.

க்யூபோன்: அம்மா கங்காஸ்கானா?

ஃபேன் தியரிகளிலேயே மிகப் பிரபலமானது இதுதான்.

115-ம் எண்ணில் கங்காஸ்கான் என்று ஒரு பெரிய ஜீவன் இருக்கிறது. கங்காரு போல வயிற்றுப் பையில் ஒரு குட்டியை எப்போதும் சுமந்துகொண்டே திரியும். மூன்று வயதாகும்வரை குட்டி பையைவிட்டு அதிகம் வெளியே வராது என்கிறது குறிப்பேடு. ஆனால், அந்தக் குட்டி தனியாக வளர்ந்து நிற்பதை யாரும் பார்த்ததில்லை. அப்படியானால் குட்டி வளர்ந்து என்ன ஆகிறது?

ரசிகர்கள் ஒரு முடிச்சுப் போட்டார்கள். கங்காஸ்கான் தாய் இறந்துபோகிறது. அநாதையான குட்டி, அம்மாவின் மண்டை ஓட்டை எடுத்துத் தலையில் மாட்டிக்கொள்கிறது. அதன் பிறகு யாருக்கும் முகத்தைக் காட்டுவதில்லை. அதுதான் க்யூபோன். பைக்குள் இருக்கும் குட்டியின் உடல்வாகையும் க்யூபோனின் உடல்வாகையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ‘அட, ஆமாம்ல!’ என்று தோன்றும். 1999-ல் வந்த ‘கோல்டு’, ‘சில்வர்’ கேம்களில் ஆண், பெண் பேதம் வந்தது. கங்காஸ்கான் எல்லாமே பெண் என்று தெரிந்தது. ‘அப்போ ஆண் குட்டிகள் எங்கே?’ என்று தியரிக்கு இன்னொரு முட்டுக்கொடுத்தார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், கேமுக்கு உள்ளேயே இதற்கு எதிரான சாட்சிகள் இருக்கின்றன.

முதல் சாட்சி, லாவெண்டர் டவுன். முதல் கேமிலேயே வரும் ஊர் இது. இறந்த போக்கிமான்களுக்கு இங்கே ஒரு கோபுரம் எழுப்பியிருக்கிறார்கள். அம்மாவைப் பறிகொடுத்த ஒரு க்யூபோன் அந்த ஊரில் இருக்கிறது. ‘டீம் ராக்கெட்’ என்ற வில்லன் கும்பலிடமிருந்து தப்பிக்கப் பார்த்தபோது அந்த அம்மா கொல்லப்பட்டதாக ஊரார் சொல்கிறார்கள். கோபுரத்தின் மேல்தளத்துக்குப் போகும் வழியை ஓர் ஆவி மறிக்கிறது. சிறப்புக் கருவி இருந்தால்தான் அது யாரென்று தெரியும். தெரியவரும்போது, அங்கே நிற்பது கங்காஸ்கான் அல்ல. க்யூபோன் வளர்ந்தால் ஆகும் மரோவாக்!

இரண்டாவது சாட்சி, முட்டை. ‘கோல்டு’, ‘சில்வர்’ கேம்களில் போக்கிமான்கள் முட்டையிட ஆரம்பித்தன. மரோவாக் முட்டையிலிருந்து க்யூபோன் வருகிறது. கங்காஸ்கான் முட்டையிலிருந்து கங்காஸ்கான்தான் வருகிறது, அதுவும் வயிற்றுப் பையில் ஒரு குட்டியோடு!

மூன்றாவது சாட்சி, அளவு. கங்காஸ்கானின் உயரம் 2.2 மீட்டர். க்யூபோன் வெறும் 0.4 மீட்டர். அவ்வளவு பெரிய ஜீவனின் மண்டை ஓட்டை இந்தக் குட்டி தலையில் மாட்டினால் மொத்த உடம்பும் உள்ளே போய்விடும். ஒரு மீட்டர் உயரமுள்ள மரோவாக்கின் மண்டை ஓடு என்றால் ஓரளவு பொருந்தும்.

ஆக, வழக்கு முடிந்ததா? அதுதான் இல்லை. முட்டையிட்ட மரோவாக் பக்கத்தில் உயிரோடு நிற்கும்போதே, பொரிந்து வரும் க்யூபோன் தலையில் மண்டை ஓடு இருக்கிறது. அது யாருடையது? இந்தக் கேள்விக்கு எந்தக் கேமும் பதில் சொல்வதில்லை. எதிர்சாட்சி இவ்வளவு இருந்தும் தியரி சாகாமல் இருப்பதற்கு இந்த ஓட்டைதான் காரணம்.

டிட்டோ: தோற்றுப்போன பிரதியா?

அடுத்தது, பிசைந்த மாவு உருண்டைக்குக் கண்ணும் வாயும் வைத்தது போலிருக்கும் டிட்டோ. எதிரில் நிற்பது எதுவோ, அதுவாகவே உருமாறிவிடும்.

மியூ என்பது எல்லாப் போக்கிமான்களின் மரபணுவையும் தனக்குள் வைத்திருக்கும் அபூர்வ ஜீவன். அதிலிருந்து விஞ்ஞானிகள் உருவாக்கியதுதான் பயங்கர பலசாலியான மியூடூ. சின்னபார் தீவில் பாழடைந்த மாளிகை ஒன்று இருக்கும். அங்கே கிடக்கும் ஆராய்ச்சிக் குறிப்புகளில், தென் அமெரிக்காவின் கயானா காட்டில் மியூ கண்டுபிடிக்கப்பட்டதும், பிறகு மியூடூ பிறந்து கட்டுக்கு அடங்காமல் போனதும் வருகிறது.

‘மியூடூ ஒரே முயற்சியில் வந்திருக்குமா? அதற்கு முன் தோற்றுப்போன முயற்சிகள் எங்கே?’ என்று கேட்டார்கள் ரசிகர்கள். அவர்களின் பதில், டிட்டோ! அதற்கு ஆதாரமும் அடுக்கினார்கள். இரண்டின் எடையும் சரியாக 4 கிலோ. இரண்டுமே உருமாறும் வித்தையைத் தானாகக் கற்கின்றன. இரண்டும் ரோஸ் சாயல். அபூர்வமான ‘ஷைனி’ வடிவத்தில் இரண்டுமே நீலமாகின்றன. மியூடூ ஒளிந்திருக்கும் செருலியன் குகையில் டிட்டோவும் கிடைக்கிறது. ‘எல்லோ’ கேமில் அந்த மாளிகைக்குள்ளேயே கிடைக்கிறது.

படிக்கும்போது சிலிர்க்கிறது, இல்லையா? ஆனாலும் நிதானமாக எடை போட வேண்டும். முதல் கேம்களில் சாதாரண சாலையோரப் புல்வெளியிலும் டிட்டோ கிடைத்தது. அந்தப் பக்கம் எந்த ஆராய்ச்சிக்கூடமும் இல்லை. எடை ஒன்றாக இருப்பதும் பெரிய ஆதாரமில்லை. 151 ஜீவன்களுக்கு எடை எழுதினால் சிலது ஒத்துப்போகத்தான் செய்யும். களைச்செடி போலிருக்கும் ஆடிஷும், முதுகில் காளான் சுமக்கும் பாராஸும் ஒரே 5.4 கிலோதான். அவற்றை யாரும் சொந்தக்காரர்கள் என்று சொல்வதில்லை.

இதில் நிஜமான கதை ஒன்றும் உண்டு. கேம் வேலை முடியும் தறுவாயில், சோதனைக்காக வைத்திருந்த சில பகுதிகளை நீக்கியதும் சுமார் 300 பைட் இடம் மிச்சமானது. புரோகிராமர் ஷிகேகி மோரிமோட்டோ அந்தக் குட்டி இடத்தில் குறும்பாக மியூவைச் சேர்த்துவிட்டார். சாதாரணமாக விளையாடுபவர் கண்ணில் அது படவே படாது. பின்னர், ‘கோரோகோரோ காமிக்’ இதழ் 20 பேருக்கு மியூ தருவதாக அறிவித்தபோது, 78,000 விண்ணப்பங்கள் குவிந்தன. கடைசி நேரத்தில் நுழைந்த ஜீவனுக்கும் டிட்டோவுக்கும் முன்கூட்டியே ரகசியத் தொடர்பு போட்டு வைத்திருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

பட்டாம்பூச்சி இடம் மாறிவிட்டதா?

இது ஆறு வித்தியாசம் கண்டுபிடிக்கும் ரசிகர்களின் தியரி.

கேட்டர்பி என்ற பச்சைப் புழு, மெட்டாபாட் என்ற கூட்டுப்புழுவாகி, பட்டர்ஃப்ரீ என்ற பட்டாம்பூச்சியாகிறது. இன்னொரு பக்கம் வெனோநாட் என்ற ஊதா நிறப் பூச்சி, வெனோமாத் என்ற அந்துப்பூச்சியாகிறது. ஆனால், படங்களைப் பாருங்கள். பட்டர்ஃப்ரீயின் ஊதா உடம்பு, பெரிய சிவப்புக் கண்கள், வாய், சின்னக் கைகள் எல்லாமே வெனோநாட்டை உரித்து வைத்தது போலிருக்கும். வெனோமாத்தின் கண்ணோ மெட்டாபாட்டை நினைவூட்டும். ‘வேலைப்பளுவில் யாரோ இரண்டு படங்களையும் மாற்றி வைத்துவிட்டார்கள்’ என்பது தியரி. வெனோமாத்தின் ஜப்பானியப் பெயரான ‘மார்ஃபான்’, மார்ஃபோ என்ற நிஜப் பட்டாம்பூச்சியை நினைவூட்டுவதையும் துணைக்கு அழைக்கிறார்கள்.

அடுத்தடுத்து எத்தனையோ கேம்கள் வந்தும் தயாரிப்பாளர்கள் இந்த வரிசையை மாற்றவில்லை. பூச்சி பிடித்து வளர்ந்த தஜிரிக்கு, புழுவுக்கும் பட்டாம்பூச்சிக்கும் உருவ ஒற்றுமை இருக்காது என்பது தெரியாமலா இருந்திருக்கும்?

கேட்டர்பியை நம் வீட்டிலேயே பார்க்கலாம் என்பது கூடுதல் சுவாரஸ்யம். கறிவேப்பிலை, எலுமிச்சைச் செடிகளில் பச்சைப் புழு ஒன்று இருக்குமே, அதை லேசாகத் தொட்டுப் பாருங்கள். தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை போல ஒரு கொம்பு நீளும், ஒரு நெடியும் வரும். எதிரியை விரட்டும் தந்திரம் அது. கேட்டர்பியின் தலையில் இருக்கும் சிவப்புக் கொம்பும் நாற்றம் விட்டு எதிரியைத் துரத்துவதாகவே போக்கிடெக்ஸ் சொல்கிறது!

நிழல் யாருடையது?

கெங்கார் ஒரு பேய். அதை ‘நிழல் போக்கிமான்’ என்றே வகைப்படுத்தியிருக்கிறார்கள். நிழல் என்றால் யாருடைய நிழல்? ரசிகர்கள் கைகாட்டுவது கிளஃபேபிள் என்ற சாதுவான தேவதை ஜீவனை. காது, குண்டு உடம்பு, குட்டைக் கைகால் என்று இரண்டின் வெளிவடிவமும் ஒத்துப்போகிறது. எடைகூட 40 கிலோ, 40.5 கிலோ. மறுப்பதற்குத் தனியாக ஆதாரம் இல்லை, நிரூபிக்கவும் இல்லை. சின்னக் குழு ஒன்று நூற்றுக்கும் மேற்பட்ட ஜீவன்களை வரையும்போது சில வடிவங்கள் திரும்ப வருவது இயல்பு என்பதோடு விட்டுவிடலாம்.

நிஜப் பூர்வீகம் இன்னும் சுவை!

தியரிகளை ஒதுக்கிவிட்டு உண்மையான பூர்வீகத்தைத் தேடினால் அதுவும் ஆச்சர்யம்தான். பிக்காச்சுவை முதலில் வரைந்த அட்சுகோ நிஷிதா, ‘டைஃபுகு’ என்ற ஜப்பானிய இனிப்புக் கொழுக்கட்டைக்குக் காது முளைத்தது போலத்தான் ஆரம்பித்தாராம். கன்னத்தில் மின்சாரத்தைச் சேமிக்கும் யோசனை, அணில் வாய்க்குள் தீனியை அடக்கிக்கொள்வதைப் பார்த்து வந்தது. ஆக, உலகமே எலி என்று நினைக்கும் பிக்காச்சு, பாதி கொழுக்கட்டை, பாதி அணில்!

ஒன்றுக்கும் உதவாத மீனாக இருந்து ராட்சத கியாரடோஸாக மாறும் மேஜிகார்ப்புக்குப் பின்னால், அருவியை எதிர்த்து நீந்தி மேலேறும் கெண்டை மீன் டிராகனாகும் என்ற சீனக் கதை நிற்கிறது. நைன்டேல்ஸ், ஜப்பானிய நாட்டுக்கதைகளில் வரும் ஒன்பது வால் நரி. கனவைத் தின்னும் டிரௌஸி, அதே நாட்டுக்கதைகளின் ‘பாகு’ என்ற விலங்கை ஒத்திருக்கிறது. ஆமனைட் என்பது அழிந்துபோன அம்மோனைட் என்ற கடல்வாழ் உயிரினத்தின் வார்ப்பு.

விளையாட்டு வினையாகும் இடம்

இதுவரை பார்த்தவை எல்லாம் கேமுக்குள் இருக்கும் குறிப்புகளை வைத்துப் பின்னிய கதைகள். யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால், தியரி என்ற பெயரில் புரளியும் உலவுகிறது.

சாதுவான புரளிக்கு ஓர் உதாரணம், துறைமுகத்து லாரி. ‘முதல் கேமில் கப்பல் பக்கத்தில் நிற்கும் லாரியை நகர்த்தினால் அடியில் மியூ இருக்கும்’ என்று உலகம் முழுக்கச் சிறுவர்கள் நம்பினார்கள். லாரி இருந்தது, மியூ இல்லை. 2004-ல் அந்தக் கேம் புதுப்பிக்கப்பட்டு வெளியானபோது, தயாரிப்பாளர்கள் லாரி அருகே ஒரு பிஸ்கட்டை ஒளித்து வைத்துக் கண்ணடித்தார்கள். இதைவிட வேடிக்கை, நிரலில் இருந்த ஒரு பிழையைப் பயன்படுத்தி மியூவைப் பிடிக்க நிஜமாகவே வழி இருந்தது. அது 2003-ல்தான் வெளியே தெரிந்தது. இடம்தான் வேறு!

சாதுவல்லாத புரளியும் இருக்கிறது. ‘லாவெண்டர் டவுன் இசையைக் கேட்ட ஜப்பான் குழந்தைகள் கொத்துக் கொத்தாக இறந்தார்கள்’ என்ற கதை பல வருடம் கழித்து இணையத்தில் கிளம்பியது. முழுக்கக் கற்பனை. அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆனால், தேதி, மருத்துவச் சொற்கள் எல்லாம் சேர்த்து எழுதியிருந்ததால் பெரியவர்களே நம்பினார்கள்.

பலர் நம்பியதற்கு நிஜச் சம்பவம் ஒன்றும் காரணமாக இருக்கலாம். 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ஒளிபரப்பான போக்கிமான் கார்ட்டூனில், சிவப்பும் நீலமும் படுவேகமாக மாறி மாறி மின்னும் காட்சி ஒன்று வந்தது. அதைப் பார்த்த 600-க்கும் மேற்பட்ட குழந்தைகள் வலிப்பு, மயக்கம், தலைச்சுற்றல் என்று மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். யாரும் இறக்கவில்லை. தொடர் நான்கு மாதங்கள் நிறுத்தப்பட்டது. அந்த எபிசோடு மறுபடி ஒளிபரப்பாகவே இல்லை. மின்னும் காட்சிகளுக்கு ஜப்பான் தொலைக்காட்சிகள் கட்டுப்பாடு கொண்டுவந்தன. ‘வெளிச்சமான அறையில், திரையிலிருந்து தள்ளி உட்கார்ந்து பாருங்கள்’ என்ற அறிவிப்பை இன்றும் அங்குள்ள கார்ட்டூன்களில் பார்க்கலாம். நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் பொருந்தும் அறிவுரை அது.

குழந்தை ஒரு தியரியோடு ஓடிவந்தால், பெற்றோர் மூன்று கேள்விகள் கேட்கலாம். ஒன்று, இதற்கான ஆதாரம் கேமுக்குள் இருக்கிறதா, யாரோ சொன்னதா? இரண்டு, இதற்கு எதிரான சாட்சியையும் அந்தத் தியரி சொல்கிறதா, மறைக்கிறதா? மூன்று, நிஜ மனிதர்களுக்கு ஏதோ ஆனதாகச் சொல்கிறதா? மூன்றாவது கேள்விக்கு ‘ஆமாம்’ என்றால், சரிபார்க்காமல் யாருக்கும் ஃபார்வேர்டு செய்யக் கூடாது. போக்கிமானில் பழகிக்கொண்டால், ஃபேமிலி குரூப்பில் வரும் செய்திகளுக்கும் இதே கேள்விகள் உதவும்.

மறுபடியும் க்யூபோன்

இன்று போக்கிமான்களின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. ஆனாலும் 104-ம் எண் குட்டியின் அம்மாவைப் பற்றிய வாதம் ஓயவில்லை. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். கங்காஸ்கான் தியரியை நம்புகிறவர்கள், அந்தக் குட்டி ஒரு காலத்தில் அம்மாவின் வயிற்றுப் பையில் கதகதப்பாக இருந்தது என்று நம்புகிறார்கள். தனியாக அழும் குட்டியைப் பார்த்தால் அதற்கு ஒரு வீடு இருந்திருக்க வேண்டும் என்று மனசு கேட்கிறது.

ஆனால், கேம் தன் பங்குக்கு ஒரு முடிவைச் சொல்லத்தான் செய்கிறது. லாவெண்டர் டவுன் கோபுரத்தில் அந்த ஆவியோடு மோதி ஜெயித்தால், அம்மாவின் ஆன்மா அமைதியாகிப் போய்விடுகிறது. அம்மாவை இழந்த துக்கத்தைத் தாண்டி வந்த க்யூபோன்தான் மரோவாக்காக வளர்கிறது என்று பின்னர் வந்த ஒரு குறிப்பு சொல்கிறது. 2016-ல் வந்த ‘சன்’, ‘மூன்’ கேம்களில் மரோவாக்குக்குப் புதிய வடிவம் ஒன்று வந்தது. அது கையில் சுழற்றும் எலும்பு அதன் அம்மாவுடையது, அம்மாவின் நினைவே ஆவியாக நின்று பிள்ளையைக் காக்கிறது என்று எழுதியிருந்தார்கள்.

அம்மா யார் என்ற வழக்கு அப்படியே இருக்கட்டும். அவள் பிள்ளையைவிட்டு எங்கும் போகவில்லை என்பதை மட்டும் கேம் சொல்லிவிட்டது.